பிழைத்த திட்டமும் தேவசித்தமும்: கிறிஸ்தவக் காதற் புனைகதை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

இலக்கிய வரலாற்றாசிரியர் பொருட்படுத்தாது விட்ட புனைகதை வகைகளுள் ஆங்கிலம் பேசும் புரட்டஸ்தாந்து உலகில் வளர்ந்த கிறிஸ்தவக் காதற் கதையும் ஒன்றாகும். இலக்கியத் தரம் பற்றிப் பேசுவோர் அதனை மலினமான வாசிப்புப் பொருள் என ஒதுக்குவர். முற்போக்குச் சிந்தனையாளர் அதனை மதமும் காதலும் கலந்த இரட்டை மயக்க மருந்து எனத் தள்ளிவிடுவர். சமயவாதிகளோ, அது பக்தியை வளர்க்கின்றது என்பதற்கு மேல் அதுபற்றி எதுவும் கூறார். இம்முத்திறத்தாரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர்: அக்கதைகளை எவரும் நின்று படித்து ஆராய வேண்டியதில்லை என்பதே அது. ஆயின் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பல இலட்சம் வாசகர்களை, அவருள்ளும் பெரும்பான்மையினராகப் பெண்களை, பற்றி நிற்கும் ஓர் இலக்கிய வகை சமுதாய வரலாற்று மாணவனுக்கு ஒரு சான்றாதாரமாகும். சான்றாதாரத்தை ஒதுக்கிவைத்து வரலாறு எழுத முடியாது.

இவ்வகைக் கதைகளுட் பெரும்பாலானவை இலேசான நகைச்சுவை பொருந்தியவை. அவற்றின் எலும்புக்கூடு மிக எளிது. ஒருவர் தம் வாழ்க்கைக்கு, அல்லது பிறர் வாழ்க்கைக்கு, ஒரு திட்டம் வகுக்கிறார். திட்டம் பிழைக்கிறது. பிழைத்ததன் விளைவாகவே எதிர்பாராத காதலும் அதனோடு விசுவாசமும் வந்து சேர்கின்றன. மனிதன் வகுத்த திட்டத்துக்குப் பின்னால் தேவசித்தம் வேறொன்றாக இருந்தது என்பது இறுதியிற் புலனாகிறது. கிறிஸ்தவ இறையியலில் 'தேவ பராமரிப்பு' எனப்படும் கோட்பாடு இவ்வாறு கதைப்பின்னலாக உருமாறுகின்றது.

இங்கு எழும் வினா இறையியல் வினா அன்று. பிழைக்கும் திட்டம் யாருடையது? அத்திட்டம் பிழைத்தமையால் நன்மை பெறுபவர் யார்? எவருடைய இழப்பு 'தேவசித்தம்' என்ற சொல்லால் மறைக்கப்படுகின்றது? ஒவ்வொரு காலகட்டத்திலும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளை நிரல்பட நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நாவலை அஞ்சியோர் எழுதிய நாவல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வலுப்பெற்ற சுவிசேஷ மறுமலர்ச்சி இயக்கம் நாவலை ஐயத்துடனேயே நோக்கியது. நாவல் கற்பனையைத் தூண்டி, இளம் பெண்களைக் கடமையிலிருந்து விலக்கும் என அவ்வியக்கத்தினர் அஞ்சினர். எனினும் பிரெஞ்சுப் புரட்சியின் எதிரொலி இங்கிலாந்தின் உழைக்கும் மக்களிடையே கேட்கத் தொடங்கிய வேளையில், கதை என்னும் கருவியை எதிரியிடம் விட்டுவைப்பதும் ஆபத்து என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஹன்னா மோர் 1795 முதல் 1798 வரை நடத்திய மலிவுத் துண்டுநூல் வரிசை இவ்வுணர்வின் விளைவாகும். அந்நூல்கள் முதலாண்டிலேயே இருபது இலட்சம் பிரதிகள் அளவிற் பரவின. அவற்றை ஏழைகள் வாங்கியதிலும் பார்க்க, ஏழைகளுக்கு வழங்கவெனச் செல்வர் வாங்கியமையே மிகுதி என்பதும் நினைவில் வைத்தற்குரியது. 1799இல் இலண்டனில் சமயத் துண்டுநூற் சங்கம் தோன்றியதும் இப்பகைப்புலத்திலேயாகும்.

இதே ஹன்னா மோர் 1808 டிசெம்பரில் தம் பெயரை வெளியிடாது 'மனைவியைத் தேடும் சீலெப்ஸ்' என்ற நாவலை வெளியிட்டார். கிறிஸ்தவக் காதற் கதையின் முன்மாதிரி என இதனையே நாம் கொள்ளலாம். சார்ள்ஸ் என்ற இளைஞன் தனக்கேற்ற மனைவியைத் தேடிப் புறப்படுகின்றான். இலண்டனில் அவன் காணும் மகளிர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குறையுடையவராகத் தோன்றுகின்றனர். ஈற்றில் நாட்டுப்புறத்திலே, தன் தந்தையின் நண்பராகிய ஸ்ரான்லியின் இல்லத்தில், லூசில்லாவைக் கண்டு மணக்க விழைகின்றான். தானே தேடித் தானே கண்டதாக அவன் நம்பிய வேளையில், இரு தந்தையரும் நெடுங்காலத்துக்கு முன்பே இத்திருமணத்தை எண்ணித் தம் பிள்ளைகளை அதற்கேற்ப வளர்த்து வந்தனர் என்ற செய்தி வெளிப்படுகிறது.

இங்கே தேவசித்தமும் தந்தையர் சித்தமும் ஒன்றேயாகும். இளைஞனின் தேடல் ஒரு தோற்றமாத்திரமே. லூசில்லாவுக்கோ அத்தகைய தோற்றம்கூட வழங்கப்படவில்லை. அவள் தேடவில்லை, தேடப்பட்டாள். நிலவுடைமைக் குடும்பத்தின் திருமண ஒழுங்கு, இறைவனின் ஒழுங்கு என்ற மேலாடையை அணிந்து நிற்பதை இந்நாவலிற் போலத் தெளிவாகப் பிறிதோரிடத்திற் காண்பதரிது.

நூலாசிரியையின் வாழ்க்கையோ இதற்கு மாறானது. ஹன்னா மோர் திருமணம் செய்யவில்லை. அவரை மணக்க உடன்பட்டிருந்த செல்வர் திருமண நாளைத் திரும்பத் திரும்பப் பின்போட்டு, 1773 அளவில் அவ்வேற்பாடு முறிந்தது. அதற்கு ஈடாக வழங்கப்பட்ட ஆண்டுக்கு 200 பவுண் வருமானமே அவர் சுதந்திரமாக எழுதி வாழ வழிவகுத்தது. பிழைத்த திட்டம் ஒன்று ஒரு பெண்ணுக்கு எழுத்துரிமையைத் தந்தது. அப்பெண் அவ்வுரிமையைக் கொண்டு பெண்கள் திட்டமிடத் தேவையில்லாத ஓர் உலகை எழுதினார். இம்முரண்பாடு இவ்விலக்கிய வகையின் வரலாறு முழுவதும் தொடர்கின்றது.

3. நகைச்சுவையின் நுழைவு

மோரின் நாவலிற் போதனை உண்டு, நகைப்பு அரிது. பிழைத்த திட்டத்தை நகைப்புக்குரியதாக்கும் கலையை அவருடைய எதிர்முகாமைச் சேர்ந்தோரே வளர்த்தனர். மதகுருவின் மகளாகிய ஜேன் ஒஸ்ரின் 1809இல் தம் சகோதரிக்கு எழுதிய கடிதமொன்றில் சுவிசேஷ இயக்கத்தினரைத் தமக்குப் பிடிப்பதில்லை என வெளிப்படையாகக் கூறினார். ஐந்தாண்டுகளின் பின்னர் அவரது கருத்து ஓரளவு இளகியதற்கும் கடிதச் சான்றுண்டு. 1815 டிசெம்பரில் வெளியான அவரது 'எம்மா', பிழைத்த திட்டங்களின் தொடராகவே அமைந்தது. எம்மா தன் தோழி ஹரியற்றுக்கு மணமகனாகக் கருதிய மதகுரு எல்ற்றன், எம்மாவையே மணக்க விழைந்து வந்து நிற்கிறார். பிறர் வாழ்வை நடத்தும் உரிமை தனக்குண்டு என எண்ணிய ஒரு செல்வப் பெண்ணின் செருக்கு, கதையினூடே சிறிது சிறிதாக உடைகின்றது. இங்கே தேவ பராமரிப்பின் இடத்தை ஆசிரியையின் அங்கதம் எடுத்துக்கொண்டது. ஆயினும் செருக்கு, தன்னறிவு, மனந்திரும்பல் என்ற படிமுறை கிறிஸ்தவ அறவியலிலிருந்து பெறப்பட்டதேயாம்.

1857இல் அந்தனி ட்ரொலப் எழுதிய 'பார்செஸ்ரர் ரவர்ஸ்' இந்நகைப்பைத் திருச்சபை அமைப்பினுள்ளேயே கொண்டு சென்றது. பேராயரின் குரு ஸ்லோப், பணமுள்ள கைம்பெண் எலினர் போல்டை மணந்து முன்னேறத் திட்டமிடுகிறார். அவள் அவரை மணக்கப்போகிறாள் என உறவினர் அஞ்சி ஆளுக்கொரு திட்டம் வகுக்கின்றனர். ஸ்லோப்புக்கு இறுதியிற் கிடைப்பது கன்னத்தில் ஓர் அறை. பதவியும் வருவாயும் சார்ந்த ஆசைகள் இறைபணி என்ற பெயரில் உலாவுவதை இந்நாவல் சிரித்துக்கொண்டே காட்டிவிடுகிறது. நகைச்சுவை இங்கு விமர்சனத்தின் கருவியாகின்றது.

அத்திலாந்திக்கின் மறுகரையில், 1858இல், ஹென்றி வாட்ஸ்வேர்த் லோங்ஃபெலோ 'மைல்ஸ் ஸ்ராண்டிஷின் காதல்முயற்சி' என்ற கதைக்கவிதையை வெளியிட்டார். 1620இல் பிளிமத்தில் குடியேறிய பியூரித்தானியரே அதன் மாந்தர். படைத்தலைவன் ஸ்ராண்டிஷ், பிரிசில்லாவிடம் தனக்காகப் பேசும்படி இளைஞன் ஜோன் ஓல்டனைத் தூதனுப்புகிறான். ஓல்டனும் அவளை விரும்புபவன்; எனினும் நட்புக் கடமையென எண்ணித் தூது செல்கிறான். தூது வந்தவன் தன்பொருட்டுப் பேசலாகாதா என்ற கருத்தில் அவள் வினவ, திட்டம் முழுவதும் சரிகின்றது. இங்கே முக்கியமானது, திட்டத்தைப் பிழைக்கச் செய்பவள் பெண் என்பதாகும். தன் ஆசையைப் பாவமென அஞ்சிய ஓல்டனுக்கு அது தேவசித்தமாகவும் இருக்கலாம் என்பதை அவளுடைய நேர்மையான கூற்றே உணர்த்துகின்றது.

எனினும் அதே கவிதையின் மறுபக்கத்தை நாம் மறத்தலாகாது. ஏமாற்றமுற்ற ஸ்ராண்டிஷ் சுதேச மக்களுக்கு எதிராகப் படை நடத்துகின்றான். கொல்லப்பட்ட சுதேச வீரனொருவனின் தலை குடியேற்றத்தாரின் கோட்டைமீது வைக்கப்படுகின்றது. அதனைக் கண்டு பிரிசில்லா அஞ்சுகிறாள், ஏனையோர் மகிழ்கின்றனர். காதல் நாடகம் மென்மையாக நடந்தேறும் மேடையின் பின்புறத்தில் இக்கொலை நிற்கின்றது. இதற்கு நாம் பின்னர் திரும்புவோம்.

4. ஏரிக்கரையில் ஒரு மரபு

இவ்விலக்கிய வகை தனக்கெனப் பெண் எழுத்தாளரையும் பெண் வாசகரையும் பெற்றது உள்நாட்டுப் போருக்குப் பிந்திய அமெரிக்காவிலாகும். 1825இல் தோன்றிய அமெரிக்கத் துண்டுநூற் சங்கமும் நாடெங்கும் பரவிய ஞாயிறு பாடசாலைகளும் சமய வாசிப்புக்கு ஒரு வெகுசனத் தளத்தை அமைத்திருந்தன. 1874இல் நியூயோர்க் மாநிலத்தின் சோட்டோக்குவா ஏரிக்கரையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கான கோடைக்கூட்டம் ஒன்று தொடங்கியது. சமயம், கல்வி, இளைப்பாறல் ஆகிய மூன்றையும் இணைத்த இவ்வியக்கம் சிறு நகர மத்தியதர வர்க்கத்தின் பண்பாட்டு நிறுவனமாயிற்று.

'பான்சி' என்ற புனைபெயரில் எழுதிய இசபெல்லா ஓல்டன் 1876இல் வெளியிட்ட 'சோட்டோக்குவாவில் நான்கு பெண்கள்' இதனைக் களமாகக் கொண்டது. நான்கு தோழியர் வேடிக்கை பார்க்கும் நோக்குடன் அங்கு செல்கின்றனர். மழையும் சகதியும் கூட்ட நெரிசலும் அவர்களது உல்லாசத் திட்டத்தைக் கலைக்கின்றன. சொற்பொழிவு கேட்கச் சென்றவள் அழுதுகொண்டு திரும்புகிறாள். கேலி செய்ய வந்தவள் ஐயுறத் தொடங்குகிறாள். முடிவில் நால்வரும் விசுவாசிகளாகின்றனர். போதனை வெளிப்படையானதே. ஆயினும் மோரின் லூசில்லாவோடு ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு தெளிவாகின்றது. இப்பெண்கள் தாமே பயணம் செய்கின்றனர், தாமே தவறுகின்றனர், தாமே முடிவெடுக்கின்றனர். தவறுவதற்கான உரிமை பெண்ணுக்கு உண்டு என்ற ஏற்பு, சமயப் புனைகதையில் ஒரு சிறிய முன்னேற்றமன்று.

பான்சியின் சகோதரி மகளாகிய கிரேஸ் லிவிங்ஸ்ரன் ஹில் (1865–1947) இம்மரபைக் காதற் கதையாக முழுமைப்படுத்தினார். அவரது முதல் நூல் 1887இல் வெளிவந்தது. குடும்பத்தோடு மீண்டும் சோட்டோக்குவா செல்வதற்குப் பணம் தேடும் எண்ணமே அந்நூலின் பிறப்புக்குக் காரணம் என்பர். மதபோதகரான அவரது கணவர் 1899இல் இறந்தார். இரு பெண் குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு அவரை முழுநேர எழுத்தாளராக்கியது. பின்னர் அவர் செய்த மறுமணம் பிரிவில் முடிந்தது. நூறுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பேனாவிலிருந்து வெளிவந்தன. இன்பமான திருமண முடிவுகளை எழுதி விற்றே, கைம்மையையும் பிரிவையும் கண்ட ஒரு பெண் தன் குடும்பத்தைத் தாங்கினார்.

ஹில்லின் கதைகள் பிழைத்த திட்டத்தைப் பலவாறாகக் கையாள்கின்றன. 1908இல் வெளிவந்த 'மார்சியா ஸ்கைலர்' நாவலில், திருமண நாளுக்கு முன் மணமகள் கேற் வேறொருவனோடு ஓடிவிடுகிறாள். ஏற்பாடுகள் யாவும் முடிந்துவிட்டன, உறவினர் கூடிவிட்டனர், மானத்தைக் காக்க இளைய சகோதரி மார்சியா மணமேடை ஏற்றப்படுகிறாள். தமக்கையின் உடைகளையும் தமக்கைக்கென அமைந்த இல்லத்தையும் பெற்ற அச்சிறு பெண், கணவனின் உள்ளத்தைப் பெறும்வரை நிகழ்வனவே கதை. 1918இல் வெளிவந்த 'மாயக் கொட்டகை' மேலும் இலேசானது. வாடகை கொடுக்க இயலாத தட்டெழுத்தாளர் ஷேர்லி, நோயுற்ற தாயோடும் உடன்பிறந்தாரோடும் நகரத்துக்கு வெளியே ஒரு தானியக் கொட்டகையை வாடகைக்குப் பெற்றுக் குடியேறுகிறாள். அதன் உரிமைக் குடும்பத்து இளைஞன் அவளுக்குத் தெரியாமல் அதற்கு வசதிகள் செய்துகொடுக்கின்றான்.

வீட்டு வாடகை, அலுவலகச் சம்பளம், நோய் ஆகியன இக்கதையில் உண்மையான பொருளியற் பிரச்சினைகளாகவே முன்வைக்கப்படுகின்றன. ஆயின் அவற்றின் தீர்வு, சம்பள உயர்விலோ தொழிற்சங்கத்திலோ அன்றிச் செல்வனொருவனின் நன்மனத்தில் தங்கியுள்ளது. வீட்டுடைமையாளனின் தயவே தேவ பராமரிப்பின் கருவியாகின்றது. பிரச்சினையை நேராக நோக்கி, விடையைப் பக்கவாட்டில் தேடும் இப்பண்பே ஹில்லின் வலிமையும் வரையறையுமாகும்.

5. புல்வெளியும் சந்தையும்

இரண்டாம் உலகப் போரின் பின் இவ்விலக்கியத்தின் உற்பத்தி முறை மாறியது. 1949இல் கனடாவின் வினிப்பெக் நகரில் தொடங்கிய ஹார்லக்குயின் நிறுவனம், 1908இல் இலண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தை 1971இல் வாங்கியது. மலிவுப் பதிப்பு, வரிசை எண், மாதாந்த வெளியீடு, பல்பொருள் அங்காடி விற்பனை என்பன காதற் கதையைக் கைத்தொழிற் பண்டமாக்கின. 1970களில் அவ்வகைக் கதைகளிற் பாலியல் வருணனை பெருகியபோது, சமய வாசகியருக்கு மாற்றுப் பண்டம் ஒன்று தேவையாயிற்று.

அத்தேவையை 1979இல் கனேடிய எழுத்தாளர் ஜனற் ஓக்கின் 'காதல் மெல்ல வருகிறது' வெற்றிகரமாக நிறைவேற்றியது. அமெரிக்க மேற்குப் புல்வெளிக்கு வந்த இளம் மனைவி மார்ட்டி, கருவுற்ற நிலையிற் கணவனை இழக்கிறாள். தாயற்ற குழந்தையோடு வாழும் கிளார்க் என்ற அயலவன், குழந்தைக்கு ஒரு தாய் தேவை என்பதற்காக அவளை மணக்கக் கேட்கிறான். வசந்தத்தில் வண்டித்தொடர் கிழக்கே திரும்பும்போது விரும்பினால் அவள் செல்லலாம், செலவைத் தான் ஏற்பேன் என்பது அவன் வாக்கு. வசந்தத்தில் திரும்பிச் செல்வதே மார்ட்டியின் திட்டம். குளிர்காலம் முழுவதும் அவள் சமைக்கத் தெரியாது தடுமாறுவதும், குழந்தையோடு போராடுவதும், கோழி பிடிக்க அல்லற்படுவதும் நகைப்போடு கூறப்படுகின்றன. வசந்தம் வந்தபோது திட்டம் தானாகவே கரைந்துபோகின்றது.

இக்கதையின் ஈர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. திருமணத்துக்குள் ஒரு பெண்ணுக்கு வெளியேறும் வழி திறந்திருக்கின்றது. கணவன் அதனை மதித்துக் காத்திருக்கிறான். வற்புறுத்தலின்றி அன்பு வளர்கின்றது. நடைமுறை வாழ்வில் இவற்றைப் பெறாத வாசகிக்கு இது ஓர் இனிய கனவு மாத்திரமன்று. தன் வாழ்க்கையை அளந்து பார்க்கும் கோலுமாகும். அதே வேளை, கதவு திறந்திருந்தும் எவளும் வெளியேறுவதில்லை என்பது இவ்வகையின் எழுதாச் சட்டம்.

சந்தை இவ்வெற்றியை விரைவில் இனங்கண்டது. 1984இல் 'சில்ஹவுட் இன்ஸ்பிரேஷன்ஸ்' வரிசையும், 1992இல் 'ஹார்ட்சோங் பிரசென்ட்ஸ்' வரிசையும், 1997இல் ஹார்லக்குயினின் 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசையும் தோன்றின. எழுத்தாளருக்கு வழங்கப்பட்ட நெறிமுறைகள் மது, சூதாட்டம், வசைச்சொல், படுக்கையறை ஆகியவற்றைக் கதையிலிருந்து விலக்கின. பக்தி இங்கே தரக்கட்டுப்பாடாயிற்று. உடைமை நிலையை நோக்கின் படம் மேலும் தெளிவாகும். விவிலியப் பதிப்பாளரான சொண்டர்வன் நிறுவனத்தை 1988இலும், தோமஸ் நெல்சன் நிறுவனத்தை 2012இலும், ஹார்லக்குயினை 2014இலும் மேர்டொக் குடும்பத்தின் ஊடகப் பேரரசைச் சேர்ந்த ஹார்ப்பர் கொலின்ஸ் வாங்கிக்கொண்டது. விவிலியம், கற்புள்ள காதற் கதை, கற்பைப் பற்றிக் கவலைப்படாத காதற் கதை ஆகிய மூன்றும் ஒரே முதலீட்டாளரின் கணக்கேட்டில் அடுத்தடுத்த வரிகளாயின. மனிதரின் திட்டங்கள் எவ்வளவு பிழைத்தபோதும் மூலதனத்தின் திட்டம் பிழைக்கவில்லை.

6. வாசகி என்னும் வினா

எனினும் உற்பத்தியை விளக்கியதோடு வாசிப்பை விளக்கிவிட்டதாகக் கருதுவது இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமாகும். 1984இல் வெளியான ஜனிஸ் ராட்வேயின் ஆய்வு, காதற் கதை படிக்கும் அமெரிக்க இல்லத்தரசியரை நேரிற் கண்டு உரையாடியதன் பயனாகும். வாசிக்கும் நேரம், கணவனும் பிள்ளைகளும் தம்மிடம் எதுவும் கேட்காத நேரம் என்பதை அப்பெண்கள் உணர்ந்திருந்தனர் என அவர் காட்டினார். கதை சொல்லும் செய்தி ஒன்று. வாசிக்கும் செயல் சொல்லும் செய்தி மற்றொன்று. 2006இல் லின் நீல் சுவிசேஷக் காதற் கதை வாசகியர் பற்றி வெளியிட்ட ஆய்வு, அப்பெண்கள் இக்கதைகளைத் தம் சமய வாழ்வின் பகுதியாகவே கொள்வதை எடுத்துரைத்தது. ஆண் போதகர் உரைக்கும் கோட்பாட்டை, பெண் எழுதிய கதையினூடாகத் தம் இல்லறத்தோடு பொருத்திப் பார்க்கும் ஒரு வெளி அவர்களுக்குக் கிடைத்தது.

நகைச்சுவையின் பணியும் இவ்விடத்தில் விளங்கும். வட கரோலினாவில் ஓர் ஊர்ப் பத்திரிகையிற் தொடராக வந்து 1994இல் நூலான ஜான் கரனின் 'மிட்ஃபோர்டில் இல்லத்தில்', அறுபது வயதை எட்டிய திருமணமாகாத மதகுரு திமத்தியைப் பற்றியது. ஒழுங்கான அவர் வாழ்வில் பெரிய நாயொன்று புகுகின்றது. விவிலிய வசனம் ஓதினாலன்றி அது அடங்குவதில்லை. பின்னர் ஒரு சிறுவனும், அதன்பின் அயல்வீட்டுப் பெண்மணி சிந்தியாவும் வந்து சேர்கின்றனர். வேதவசனம் நாயை அடக்கும் கருவியாவது பக்தியை இழிவுபடுத்துவதன்று. பக்தர்கள் தம்மைப் பார்த்துத் தாமே சிரிப்பதற்கான அனுமதியாகும். பாவம், தண்டனை என்ற கடுமையான சொற்களில் வளர்க்கப்பட்டோருக்கு, தவறு செய்தவரும் அன்புக்குரியவரே என்ற செய்தி ஆறுதலளிக்கின்றது. அவ்வாறுதலை ஏளனம் செய்யும் விமர்சனம் மக்களிடமிருந்து தானே அந்நியப்படும்.

7. திட்டத்தின் எல்லை

எனின், இவ்விலக்கியத்திற் குறை கூற யாதுமில்லையா? உண்டு. அது அழகியற் குறையிலும் பார்க்கக் கடுமையானது. ஓர் இளைஞியின் திருமணத் திட்டம் பிழைத்ததைத் தேவசித்தம் எனக் கூறுவது ஒன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் அழிவை மற்றொருவரின் ஆன்மிக வளர்ச்சிக்குப் படிக்கல்லாக்குவது முற்றிலும் வேறு.

கேற் பிறெஸ்லினின் 2014ஆம் ஆண்டு நாவலொன்று, எஸ்தரின் விவிலியக் கதையை நாசிகளின் தெரேசியன்ஸ்ரட் முகாமுக்கு மாற்றி, யூதப் பெண்ணுக்கும் முகாம் தளபதிக்குமிடையிற் காதலை அமைத்தது. 2015இல் அது அமெரிக்கக் காதற்கதை எழுத்தாளர் சங்கத்தின் விருதுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றபோது, யூத வாசகரும் எழுத்தாளரும் கடுமையாக ஆட்சேபித்தனர். 2021இல் அதே சங்கம், கரென் விற்மையரின் 2020ஆம் ஆண்டு நாவலுக்குச் சமயக் காதற் கதைப் பிரிவில் விருது வழங்கியது. 1890 டிசெம்பர் 29இல் வூண்டட் நீயில் அமெரிக்கக் குதிரைப்படை லக்கோத்தா மக்களுட் பெண்களும் குழந்தைகளும் உட்பட 250க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அக்கொலையிற் பங்குகொண்ட படைத்தலைவனே கதாநாயகன். அதனால் அவன் அடையும் மனவேதனையும் மீட்சியுமே கதையின் தொடக்கம். எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களுள் விருது மீளப்பெறப்பட்டது.

இவற்றைத் தனிப்பட்ட ஆசிரியரின் கவனக்குறைவு எனக் கொள்வது போதாது. 1858இல் லோங்ஃபெலோவின் கோட்டைமீது வைக்கப்பட்ட தலையிலிருந்து 2020இன் நாவல் வரை ஒரே வடிவம் தொடர்கின்றது. ஓக்கின் புல்வெளியும் எவரோ முன்பு வாழ்ந்த நிலமேயாம். ஆயின் அந்நிலம் வெறுமையாகவே அங்கு காட்சியளிக்கின்றது. இவ்வகையின் கட்டமைப்பில் தேவசித்தம் எப்பொழுதும் கதை முடிவில், இணைந்த இருவரின் நிலையிலிருந்து, பின்னோக்கியே வாசிக்கப்படுகின்றது. இறுதியிற் பிழைத்திருப்போரே அதனை வாசிக்க வல்லவர். இறந்தோருக்குக் கதை முடிவு இல்லை; எனவே அவர்களது இழப்புக்குத் தேவசித்தத்தில் இடமும் இல்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்ற வாக்கியத்தை யார், யாருடைய இழப்பைக் குறித்துச் சொல்கிறார் என்பதே அதன் அறத்தைத் தீர்மானிக்கின்றது. தன் இழப்பைக் குறித்து ஒருவர் கூறின் அது விசுவாசம். பிறர் இழப்பைக் குறித்துக் கூறின் அது அதிகாரம். பேரழிவுகளைக் கண்ட எமது நாட்டு வாசகருக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

8. முடிவுரை

இவ்வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அமெரிக்கத் துண்டுநூற் சங்கத்தைத் தோற்றுவித்த அதே புரட்டஸ்தாந்து எழுச்சியே 1816 முதல் யாழ்ப்பாணத்துக்கு மிஷனரிமாரை அனுப்பியது. 1824இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையை நிறுவியது. அச்சூழலிற் பெண்கல்வி பெற்ற சமுதாயத்திலிருந்து 1914இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வெளிவந்தது. விவிலியத் தொடரையே தலைப்பாகக் கொண்ட அந்நாவல், இல்லறத்தில் ஒரு பெண் படும் துயரைப் பொருளாக்கியது. அமெரிக்கச் சகோதரிகள் அதே விசுவாசத்தைக் கொண்டு நகைச்சுவைக் காதற் கதை எழுதிய வேளையில், ஈழத்து எழுத்தாளர் துயரக் கதை எழுதியமை சிந்தித்தற்குரியது. திட்டமிடவும் தவறவும் ஓரளவேனும் வாய்ப்புள்ள பெண்ணின் தவறே நகைப்புக்குரியதாக முடியும். சீதனமும் சாதியும் உறவினரும் முன்பே யாவற்றையும் முடிவுசெய்துவிட்ட சமுதாயத்திற் பெண்ணுக்குப் பிழைக்கத்தக்க திட்டமே இல்லை, எஞ்சுவது பொறுமை. நகைச்சுவை ஒரு மனநிலை மட்டுமன்று; அது ஒரு சமுதாய வசதியுமாகும். 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நகைச்சுவை மிக்கதாயினும், ஞானாம்பாள் தன் திறமையைக் காட்ட ஆண்வேடம் பூண்டு நாடாள வேண்டியிருந்தது என்பதும் இதனையே வலியுறுத்துகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து, மோரின் காலத்தில் தந்தையரின் திட்டம் தேவசித்தமாகக் காட்டப்பட்டது. பான்சியும் ஹில்லும் எழுதிய காலத்திற் பெண்ணின் தவறும் தேடலும் அதனுள் இடம்பெற்றன. ஓக்கின் காலத்தில் அவளுக்கு வெளியேறும் கதவும் திறந்தது. அக்கதவின் சாவி மாத்திரம் சந்தையின் கையிற் சென்றது. பெண் தன் வாழ்வு பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை, கதைக்குக் கதை சிறிது சிறிதாக விரிந்து வந்துள்ளது. அவ்விரிவை வாசகியர் தாமே உணர்ந்து பெற்றனர், விமர்சகர் வழங்கவில்லை. அதே வேளை, அவ்விரிவு வேறு மக்களின் நிலத்தையும் உயிரையும் மறந்து நடைபெற்றதாயின், அதனைச் சுட்டிக்காட்டுவது விமர்சகரின் கடமையாகும். 2015இலும் 2021இலும் எழுந்த எதிர்ப்புக் குரல்கள் இவ்விலக்கியத்தை ஆழ்ந்து படித்தவர்களிடமிருந்தே பெரும்பாலும் வந்தன. ஓர் இலக்கிய வகையை நேசிப்போர் அதனிடம் நீதி கேட்கும்போதே அது வளரும். வெகுசன இலக்கியம் பற்றிய எமது ஆய்வுகளும் இனி அந்நிலையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.